கிளறாத கூறு

மரக்காணம் பஸ் நிலையத்துக்குச் சற்றுத் தெற்கே, கடற்கரைச் சாலையோரத்தில் காலையில் மீன் வாங்க வருபவர்கள் இரண்டு வகை. அனுமந்தையிலிருந்து கூடையோடு வரும் காசியம்மா ஒரு பிளாஸ்டிக் தாளை விரிப்பார். பெரிய மீன்களை ஒரு பக்கம் அடுக்கிவிட்டு, மிச்சத்தைக் கூறு கூறாகக் குவித்துவைப்பார். கவளை, காரப்பொடி, ஒன்றிரண்டு கெளுத்தி, நாலைந்து இறால், சில நாள் ஒரு குட்டி நண்டு என்று வலையில் வந்த எல்லாமே ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் இருக்கும். கை வைக்காமல் அப்படியே எடுத்தால் ஒரு விலை. கிளறி, இறாலை இந்தக் கூறிலிருந்தும் கெளுத்தியை அந்தக் கூறிலிருந்தும் பொறுக்கினால் வேறு விலை. கூடவே காசியம்மாவின் வாயையும் வாங்கிக்கொண்டு போகலாம்.

அநேகமாக எல்லோரும் கிளறினார்கள். கிளறாத வகையில் நான் பார்த்தது ஒரே ஒருவரைத்தான். அவர் பாத்திரத்தை நீட்டிவிட்டு முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொள்வார். மீன் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்ப்பார்.

நான் அப்போது ஒரு நாளிதழுக்கு அந்த வட்டாரத்து நிருபர். உப்பள வேலைநிறுத்தம், மீனவர் மறியல், வானூர் தாலுகா அலுவலக மனுநீதி நாள், சாலை விபத்து இவையெல்லாம் என் கணக்கில். கிளறாத அந்த அம்மாவின் வீட்டு மாடியில் நானும் மனைவியும் குடியிருந்தோம். பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தவர், ஓய்வு பெற இன்னும் ஓராண்டு இருந்தது. ஊரில் யாரும் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் டீச்சர்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

கீழ்வீட்டில் அவரும் மகள் அமுதாவும் இருந்தார்கள். அமுதாவுக்கு வயது முப்பதை நெருங்கியிருந்தது. பேச்சும் சிரிப்பும் பத்து வயதுப் பெண்ணுடையவை. கடைக்குப் போய்ச் சொன்ன பொருளை வாங்கி வருவாள், மீதிச் சில்லறை சரிதானா என்று தெரியாது. அடுப்புப் பக்கம் விட முடியாது. டீச்சரின் கணவர் எப்போதோ இறந்துவிட்டார். "எனக்கப்புறம்" என்று தொடங்கும் வாக்கியங்கள் அந்த வீட்டில் அடிக்கடி வரும். அவற்றை டீச்சர் முடித்து நான் கேட்டதில்லை.

மீன் விஷயத்தை ஒருநாள் கேட்டேன். நிருபர் புத்தி.

"கிளறினா காசு ஏத்துறா இல்ல" என்றார். "சரி, ஏத்தட்டும். கிளறி எடுத்துக்கினு போறவங்க வீட்டுல மட்டும் இன்னா நடக்குது? அங்கயும் பாதி பூனைக்குத்தான் போவுது. பூனைக்குப் போறதுக்கு நான் எதுக்கு மேல காசு தரணும்?"

இதில் தத்துவம் எதுவும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. அவருடைய சுபாவமே அப்படி. திண்டிவனத்துத் துணிக்கடையில் புடவை விரிக்க வந்த பையனிடம், "விரிக்காதப்பா, மேல இருக்கறதக் குடு" என்பார். என் மனைவி ஒரு புடவைக்கு ஒரு முழு மதியத்தைச் செலவிடுகிறவள். டீச்சரோடு ஒருமுறை போய்விட்டு வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பினாள். மேலே இருந்ததை அவளும் எடுத்து வந்திருந்தாள். மாம்பழ நிறம். "நல்லாதான் இருக்குது, இல்ல?" என்று ஆச்சரியமாகக் கேட்டாள். முகத்தில் லேசாகிவிட்ட ஒரு களை இருந்தது. பல்வலி விட்டவர்களின் முகத்தில் அதைப் பார்க்கலாம்.

பள்ளியில் ஆண்டுதோறும் தையல் கண்காட்சி நடக்கும். சிறந்த வேலைகளைப் பொறுக்கி வைக்கச் சொல்லித் தலைமையாசிரியை கேட்பார். டீச்சர் எல்லாப் பிள்ளைகளின் துணியையும் கொடி கட்டித் தொங்கவிடுவார். கோணல் காஜா, ஒரு கை நீளமான சட்டை, எல்லாம் வரிசையில் இருக்கும். பார்வையிட வந்த அதிகாரி அந்த ஒரு கை நீளமான சட்டையின் முன் நின்றுவிட்டார். "இது எதுக்கும்மா இங்க?" டீச்சர் சொன்னார்: "தச்சிருக்கா சார்." அந்தச் சட்டையைத் தைத்த பெண்தான் பிறகு பஸ் நிலையம் அருகே தையல் கடை போட்டாள் என்று கதையை முடித்தால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. கடை போட்டது வேறொரு பெண். அவள் துணியும் அந்தக் கொடியில் எங்கேயோ தொங்கியிருக்கும்.

ஓய்வுபெற்றபோது கைக்கு ஒரு தொகை வந்தது. எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுச் செலவுக்குப் பென்ஷன் போதும். இந்தப் பணம் அமுதாவுக்கு. அதாவது, அவர் முடிக்காத அந்த வாக்கியத்துக்கு.

ஊருக்கே அதில் ஒரு யோசனை இருந்தது. மனை வாங்கச் சொன்னவர்கள் உண்டு, நகை வாங்கச் சொன்னவர்கள் உண்டு. எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் அவருடைய தம்பி ஏழுமலை. உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர், நல்ல மனிதர், குரல் மட்டும் எப்போதும் காற்றடிக்கும் திடலில் நின்று பேசுகிற அளவுக்கு இருக்கும். அந்த நாட்களில் டீக்கடையில் பங்குச் சந்தைப் பேச்சு வந்து உட்கார்ந்திருந்தது. எல்லோர் கையிலும் போன், போனில் ஒரு செயலி. மற்ற ஊர்க்காரர்கள் எதை வைத்துப் பங்கு வாங்கினார்களோ தெரியாது. இவர்கள் லாரியை வைத்து வாங்கினார்கள். மரக்காணத்து உப்பு ஒரு ரசாயனத் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நம்ம உப்பு போவாம அவனுக்கு வேலையே கெடயாது, சார்" என்று ஏழுமலை என்னிடம் விளக்கினார். "லாரி ஏறினா அவன் சரக்கு ஏறுது. சரக்கு ஏறினா ஷேர் ஏறும். இது பம்பாய்ல உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். லாரிக்கு லோடு ஏத்துறவனே நான்தான்."

அதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்கும் பட்டது. அக்காவின் பணத்தையும் அதில் போட வேண்டும் என்று ஏழுமலை ஒற்றைக்காலில் நின்றார்.

டீச்சர் புதுச்சேரிக்குக் கிளம்பினார். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். அங்கே ஒரு வங்கியில், கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய இளைஞர் மடிக்கணினியைத் திருப்பி வைத்து மியூச்சுவல் ஃபண்டுகளைக் காட்டினார். நல்ல பிள்ளை. ஒவ்வொரு ஃபண்டுக்கும் அதை நடத்துகிறவரின் பெருமையைச் சொன்னார்.

"இவர் ரொம்பத் திறமைசாலி மேடம். எந்தக் கம்பெனி மேல வரும்னு பார்த்துப் பொறுக்கிப் போடுவார்."

"அவருக்கு யாரு சம்பளம் தர்றது?"

"நம்ம பணத்துலருந்துதான் மேடம். வருஷத்துக்கு ஒரு சின்ன பர்சன்டேஜ்."

"நட்டம் வந்துச்சின்னா?"

"அப்பவும் எடுத்துப்பாங்க மேடம்."

டீச்சர் என்னைப் பார்த்தார். "காசியம்மாவே பரவால்ல" என்றார். பிறகு அந்த இளைஞரிடம், "யாரும் உக்காந்து பொறுக்காத ஃபண்டு ஒண்ணும் கெடயாதாப்பா?"

இளைஞர் சிரித்தார். கேள்வி வேடிக்கையாக இல்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினார். "இருக்குது மேடம். இண்டெக்ஸ் ஃபண்டுன்னு பேரு. நாட்டுலயே பெரிய அம்பது கம்பெனி, எல்லாத்துலயும் அதோட சைஸுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கொஞ்சம். ஒண்ணு சின்னதாப் போச்சின்னா லிஸ்ட்ட விட்டு வெளிய போயிடும், பெரிசானது உள்ள வந்துடும். யாரும் பொறுக்கறதில்ல. அதனால செலவும் ரொம்பக் கம்மி."

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"யாரும் கேக்க மாட்டாங்க மேடம்." கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "நாங்களும் சொல்ல மாட்டோம். எங்களுக்கு இதுல பெரிசா ஒண்ணும் நிக்காது" என்றார். அந்த நேர்மைக்காக அவரை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உடனே எச்சரிக்கவும் செய்தார். "ஆனா மேடம், மார்க்கெட் மொத்தமா விழுந்தா இதுவும் கூடவே விழும்."

"கடல்லயே மீன் இல்லன்னா கூறுலயும்தான் இருக்காது" என்றார் டீச்சர். ஒரு பங்கை அவசரத்துக்கென்று வங்கி வைப்பில் போட்டுவிட்டு, மிச்சத்தை அந்தக் கூறில் போட்டார். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டார். பெரிய தொகையை ஒரு வேலையில் போட்டவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஏழுமலை தன் பணத்தை ரசாயனக் கம்பெனியில் போட்டார். ஏறியது, டீக்கடையில் எல்லோருக்கும் அவர் கணக்கில் வடை. பிறகு இறங்கியது. கம்பெனி வேறு எங்கோ ஒரு தொழிலுக்காக வாங்கிய கடன் கழுத்தை நெரித்ததாகப் பத்திரிகைகளில் வந்தது. ஏழுமலை பாதிக்குப் பாதி போன விலையில் விற்றுவிட்டு வெளியே வந்தார். உப்பு ஏற்றிய லாரிகள் அப்போதும் போய்க்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. அவருக்கு அதுதான் தாங்கவில்லை. ரோட்டோரம் நின்று லாரிகளைப் பார்த்துக்கொண்டே, "இது எந்த ஊரு ஞாயம் சார்?" என்பார்.

ஏழுமலையைப் புரிந்துகொள்ள, கோடையில் உப்பளத்தின் மேல் மேகம் கூடுவதைப் பார்த்திருக்க வேண்டும். பல வார வெயிலில் பாத்தியில் விளைந்து கிடக்கும் உப்பு, அரைமணி மழையில் தண்ணீராகிவிடும். வடக்கே கறுத்தால் போதும். சோற்றுத் தட்டைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். நீளக் கம்பு பூட்டிய பலகையால் கிடைத்ததை வரப்புக்கு வாரி, குவித்து, தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். யோசிக்கிறவன் இழப்பான். ஏழுமலையின் கைகள் அதற்காகவே செய்தவை போல இருக்கும். மழை வராமல் போன நாட்களும் உண்டு. வாரியதற்காக யாரும் வருத்தப்பட்டதில்லை.

கொரோனா செய்தி பரவி, பங்குச் சந்தை நாள்தோறும் சரிந்த அந்த மாதம் ஏழுமலை அதே ஓட்டத்தில் அக்கா வீட்டுக்கு வந்தார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"யக்கா, போதும். வாரிடு" என்றார். "இருக்கறதையாவது வாரிடு. நேத்து வுழுந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அமுதா, மாமாவுக்குத் தண்ணி குடு."

"தண்ணி வேணாம். போனக் குடு, நானே வித்துத் தர்றேன்."

"வாரி எங்க வைப்ப?"

"பாங்க்குல போடு. வெயில் வந்ததும் திரும்பப் போட்டுக்கலாம்."

"வெயில் வந்துடுச்சின்னு யாருடா சொல்லுவாங்க?"

ஏழுமலை வாசல் வழியாக வானத்தைப் பார்த்தார். அளத்தில் என்றால் அண்ணாந்து பார்த்தால் போதும்.

டீச்சர் படிப் பக்கம் திரும்பினார். "பேப்பர் சார், நீங்க சொல்லுவீங்களா?"

அன்று காலை எங்கள் பத்திரிகையின் வணிகப் பக்கத்தில் இரண்டு நிபுணர்கள் பேட்டி கொடுத்திருந்தார்கள். இப்போதே விற்றுவிடுங்கள் என்றார் ஒருவர். இப்போதுதான் வாங்க வேண்டும் என்றார் மற்றவர். இரண்டு பேட்டியும் ஒரே அளவில், பக்கத்துப் பக்கத்தில், புகைப்படத்தோடு. "சொல்ல முடியாதுங்க டீச்சர்" என்றேன்.

ஏழுமலை அமுதாவைக் காட்டினார். "உன்னது போனா போவட்டும். அது அமுதாவுது. உனக்கு ஒண்ணு ஆனா இவள யாரு பாக்கறது? நாளைக்கு எங்கிட்டதான வந்து நிப்பா?"

ஏழுமலை தண்ணீர் குடிக்காமல் போனார். அமுதா சொம்போடு வாசலில் நின்றாள்.

டீச்சருக்குப் பயமில்லை என்றுதான் நானும் எழுதியிருப்பேன், அடுத்த நாள் காலையில் மீன் வாங்கப் போகாமல் இருந்திருந்தால். ஊரடங்குக்கு முந்தைய வாரம் அது. காசியம்மா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீச்சர் வழக்கம்போல் பாத்திரத்தை நீட்டினார். சாலைப் பக்கம் திரும்பவில்லை. குனிந்தார். அவருடைய வலது கை கூறுக்குள் போனது. இறாலை ஒதுக்கியது, ஒரு கெளுத்தியைத் தூக்கிப் பார்த்தது, கீழே இருந்ததைப் புரட்டியது.

காசியம்மா நிமிர்ந்து பார்த்தார். "இன்னா டீச்சரு," என்றார் மெதுவாக. அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. "உடம்பு சொகமில்லயா?"

டீச்சர் கையை வெளியே எடுத்தார். செதில் ஒட்டியிருந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒண்ணுமில்ல காசி. நீயே போடு" என்றார். சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கிளறிய கூறுக்கு அன்று காசியம்மா பழைய விலைதான் வாங்கினார்.

அந்த மாதம் முழுக்க அவர் என்ன பாடுபட்டார் என்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். விற்கவில்லை. ஊரடங்கு வந்தது, சந்தை இன்னும் விழுந்தது, எங்கள் பத்திரிகையில் வணிகப் பக்கத்தையே நிறுத்திவிட்டார்கள். மறு ஆண்டு மார்ச்சுக்குள் விழுந்ததெல்லாம் எழுந்து மேலேயும் போயிருந்தது. ஒருநாள் மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது, "சார், அது வந்துடுச்சி" என்றார். அன்று எங்களுக்குக் கிண்ணத்தில் கேசரி வந்தது. முந்திரியெல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தன. கிளறாமல் சாப்பிட்டோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அதில் எனக்குக் கொஞ்சம் சங்கடம் உண்டு. அமுதாவின் மதியச் சாப்பாட்டை டீச்சர் தெருவுக்குப் பிரித்துவிட்டிருந்தார். நாளுக்கு ஒரு வீடு. அந்த வீட்டுக்குக் காலையிலேயே அரிசியும் காயும் போய்விடும், மதியம் அமுதா போய் உட்கார்ந்து சாப்பிடுவாள். வியாழக்கிழமை எங்கள் மாடி. ஏழுமலை வீட்டுக்குத் திங்கட்கிழமை ஒரு நாள்தான். அவர் அதைப் பலமுறை என்னிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். "கூடப் பொறந்தவன் வீட்டுல ஏழு நாளும் சோறு இல்லயா? அசலார மாதிரி எனக்கும் ஒரு பங்கா?" தன்னைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு டீச்சரின் சுபாவம் வலிக்கும். அது அவருக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

பிறகு எனக்கு மாற்றல் வந்து சென்னைக்குப் போய்விட்டோம். டீச்சர் இறந்த செய்தி தாமதமாகத்தான் வந்தது. தூக்கத்தில் போய்விட்டாராம். கூடவே இன்னொன்றையும் கேள்விப்பட்டேன். அமுதாவுக்காகப் பணத்தைப் பார்த்துக்கொள்ள அவர் எழுதிவைத்த பெயர் ஏழுமலையுடையது. அந்த வாரம்தான் சந்தை மறுபடி ஆட்டம் கண்டிருந்தது. அந்தக் கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து பேட்டரிக் கடைக்காரர் வீட்டு உள்ளறையில் அமுதா உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வியாழக்கிழமை" என்றாள். எனக்கு அவள் வைத்த பெயர் அது. எங்கள் வியாழக்கிழமை இப்போது யார் வீடு என்று கேட்டேன். தையல்கடைக்காரப் பெண் வீடு என்றாள். நாங்கள் போனதில் அவளுக்கு ஒரு வேளைச் சோறும் குறையவில்லை.

ஏழுமலை அளத்தில் இருந்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. முன்பே வாரிக் குவித்திருந்த உப்பைத் தனியாக நின்று, பலகையால் ஒரு வரப்பிலிருந்து இன்னொரு வரப்புக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். பனியன் நனைந்து ஒட்டியிருந்தது.

"என்னங்க, மழை வருதா?" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. பலகையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"எம் பேர எழுதிட்டு போயிட்டா சார். நான் வேணாம்னுதான் சொன்னேன். 'ஏங்கா, எத்தினி பேரு இருக்காங்க, யோசிச்சிப் பொறுக்கி எழுதக் கூடாதா'ன்னேன். 'நீதான்டா மேல இருந்த'ன்னுட்டா." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "புடவை எடுக்கிற மாதிரி."

நான் கேட்க வந்ததை அவரே சொன்னார்.

"தொடல சார். மாசத்துக்குக் கொஞ்சம், தானா அமுதா கணக்குக்கு வருது. மிச்சம் அப்படியே கெடக்குது. நேத்துகூட வுழுந்துச்சின்னு டீக்கடையில சொன்னாங்க. கை அரிக்குது. நெஜமா சார், ராத்திரி எழுந்து போன எடுத்து எடுத்து வைக்கிறேன்."

உள்ளங்கைகளைத் திருப்பி எனக்குக் காட்டினார். காய்த்துப்போன இடங்களில் உப்பு வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"அதான், அரிச்சிதுன்னா இங்க வந்துடறேன். இருக்கறத எடுத்து அந்தாண்ட வாரிப் போடறேன். அப்புறம் இந்தாண்ட. அது அடங்கினதும் ஊட்டுக்குப் போவேன்."

பலகையை மறுபடி எடுத்தார். நான் வரப்பில் உட்கார்ந்து, அவர் அன்றைய அரிப்பை முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.